கார்வையைக் கேட்டுப் பழகுதல்

அமெரிக்க தேசத்தின் நாஷ்வில் நகரத்தைக் களமாகக் கொண்டு வளர்ந்த கண்ட்ரி சங்கீதத்தில், பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், துயரமும் ஆறுதலும் ஒருங்கே கலந்தாற்போல நீண்டு வளைந்து எழுகின்ற ஒரு நாதத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். அது பெடல் ஸ்டீல் கிதாரின் நாதம் என்று அறிந்தவர்கள் சிலர். அந்த நாதத்தின் குணத்தில் ஒரு பெரும் பங்கு, வித்வானுக்குப் பின்னால் தரையில் அமர்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயரில்தான் உருவாகிறது என்பதைத் தெரிந்து கேட்பவர்கள் அவர்களிலும் மிகச் சிலர். ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் உரிய விவகாரம் என்று ரசிகர்கள் ஒதுங்கி நின்றுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. எந்தப் பெட்டி எந்த நாதத்தை எவ்விதம் நடத்துகிறது என்று பிரித்துணரப் பழகிய செவிக்கு, இதுகாறும் கேட்ட பழைய இசைத்தட்டுகள்கூடப் புதியனவாக ஒலிக்கும். அந்தப் பழக்கத்துக்கு வழி, தந்தி மீட்டப்படும் முதல் கணத்தைக் கேட்பதை விட்டு, அதன் பின் வரும் கார்வையைக் கேட்பது.

முதலில் வாத்தியத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு கால்களின் மேல் கிடையாக நிற்கும் பலகை; அதில் பெரும்பாலும் பத்துத் தந்திகள்; வலக்கையின் கட்டைவிரலிலும் மற்ற இரு விரல்களிலும் மாட்டிய பிக்குகள்; இடக்கையில் கனத்த எஃகு உருளை. தந்தியை விரலால் அழுத்துவது என்பதே கிடையாது. உருளையைத் தந்திகளின் மேல் வைத்து நகர்த்த, ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் பரவச் செய்ததாகச் சொல்லப்படும் இந்த வாசிப்பு, நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போன பிறகு இந்த வாத்தியத்துக்கு நேர்ந்த மாறுதல் பெரிது. பாதத்தின் கீழ் பெடல்களும் முழங்கால்களின் அருகே லீவர்களும் பொருத்தி, குறிப்பிட்ட சில தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றவும் இறக்கவும் வகை செய்தார்கள். 1954-ல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ‘ஸ்லோலி’ என்ற பாட்டில், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை அழுத்தி, ஒரு ஸ்வரம் நிற்க மற்றொன்று அதை நோக்கி ஏறும்படிச் செய்தார். அந்த ஒரு பாட்டுக்குப் பின் ஸ்டீல் வாசித்தவர்களில் பலர் தம் வாத்தியத்துக்குப் பெடல் வைக்க முனைந்தார்கள்.

இடப் பாதம் இவ்வாறு ஸ்வரங்களை வளைத்துக்கொண்டிருக்க, வலப் பாதம் வேறொரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. அதன் கீழ் இருப்பது வால்யூம் பெடல். தந்தியை மீட்டும் கணத்தில் வித்வான் அதைப் பாதியளவே திறந்து வைத்திருக்கிறார்; மீட்டின் அதிர்ச்சி அடங்கி நாதம் தேயத் தொடங்கும்போது, அந்தத் தேய்வைச் செவி கண்டுகொள்ளுமுன்பே, பாதத்தின் நுனி மெல்லத் தாழ்ந்து, தந்தி இழந்துகொண்டே வருவதைப் பெடல் ஈடுசெய்துகொண்டே வருகிறது. மீட்டிய வாத்தியம் வில்லால் இழுத்த வாத்தியம் போலக் கார்வை பிடிப்பதன் ரகசியம் இதுதான். ஸ்டீலுக்கு என்று தனி ஆம்ப்ளிஃபயரைத் தேட வேண்டியிருப்பதன் காரணமும் இதுவேயாகும். மற்றக் கிதார் வித்வான்களில் பலர் தங்கள் ஆம்ப்ளிஃபயர் சற்றே திணறி, நாதத்தில் கொஞ்சம் கரகரப்பு ஏறினால்தான் அது உயிர் பெறுகிறது என்று கருதுகிறார்கள். ஸ்டீல் வித்வானோ, எப்போதும் செலவழிக்காத ஒரு கையிருப்பு தம் பெட்டியில் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்.

இந்தக் கையிருப்பின் கணக்கைச் சற்று விவரமாகச் சொல்வது அவசியம். ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். அது செவிக்குத் தெரியும், ஆனால் பெரிதாகத் தோன்றாது. ஒலி இரு மடங்காயிற்று என்று செவி ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குச் சக்தி பத்து மடங்கு வேண்டும். சாவகாசமாக 10 வாட் அளவில் வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவர், பாட்டின் உச்சத்தில், பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டு முழுவதையும் அழுத்தி மீட்டி ஒலியை ஒரு கணம் 10 டெசிபல் உயர்த்துகிறார் என்றால், அந்த ஒரு கணத்துக்கு 100 வாட் தேவைப்படுகிறது. ஸ்டீல் ஆம்ப்ளிஃபயர்களில் 200 வாட் என்ற எண்ணைக் கண்டு, இது காதைப் பிளப்பதற்காக என்று எண்ணுகிறவர்கள் உண்டு. சத்தம் போடுவதற்காக அன்று, பிசிறு தட்டாமலிருப்பதற்காகவே அந்த வாட்டுகள் அங்கே காத்திருக்கின்றன.

பிசிறு தட்டினால் என்ன ஆகும்? இதை வார்த்தையால் சொல்லி நகர்ந்துவிடாமல், ஒரே ஓர் அசைவை எடுத்துக்கொண்டு அருகில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஈ-9 என்று பெயர் பெற்ற சுருதியமைப்பில் நான்காம், ஐந்தாம், ஆறாம் தந்திகளை உருளை வைக்காமல் ஒருசேர மீட்டினால், ஈ, பி, ஜி ஷார்ப் என்ற மூன்று ஸ்வரங்கள் எழுகின்றன. அதிர்வெண் ஏறத்தாழ 330, 247, 208 ஹெர்ட்ஸ். இப்போது இடப் பாதம் முதல் இரண்டு பெடல்களையும் ஒருங்கே அழுத்துகிறது. 247 சுமார் 275 ஆகவும், 208 சுமார் 220 ஆகவும் ஏறுகின்றன. 330 இருந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது. ஈ என்ற கார்டு ஏ என்ற கார்டாக மாறிவிட்டது. கண்ட்ரி பாட்டுகளில் நம் மனத்தைப் பிசையும் அசைவுகளில் பாதி இந்த ஒரு மிதிப்பிலும் இதன் விடுப்பிலும் அடங்கியிருக்கின்றன. சுத்தமான ஆம்ப்ளிஃபயரில் இதைக் கேட்கும்போது, அசையாத ஸ்வரம் தூண் போல நிற்க, மற்ற இரண்டும் அதன் மேல் படர்ந்து ஏறுவது தனித்தனியாகக் காதில் விழும். திணறுகிற ஆம்ப்ளிஃபயரிலோ, ஸ்வரங்கள் தனித்தனியே நிற்பதில்லை. இரண்டிரண்டாகக் கலந்து, அவற்றின் வித்தியாசத்துக்குச் சமமான பொய் ஸ்வரங்களைப் பிறப்பிக்கின்றன. 330-க்கும் 247-க்கும் வித்தியாசம் 83. பெடல் இறங்கி முடியும்போது 330-க்கும் 275-க்கும் வித்தியாசம் 55. ஆக, தந்தி மேலே ஏறும்போது, யாரும் வாசிக்காத ஒரு முனகல் அடியில் 83-லிருந்து 55-க்குச் சரிகிறது! மேலே நல்ல ஸ்வரம் ஒரு திசையிலும் கீழே பொய் ஸ்வரம் எதிர்த்திசையிலும் போக, கேட்பவருக்கு எங்கோ ஏதோ கலங்கிவிட்டது என்று தோன்றுகிறதேயன்றி, காரணம் புலப்படுவதில்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட ஒரே ஒரு பரீட்சைதான் வைக்கலாம் என்றால், நான் இந்த மிதிப்பைத்தான் வைப்பேன். அதிலும், மென்மையாக ஒருமுறையும், மேடையில் வாசிக்கும் பலத்தில் ஒருமுறையும் வைத்து, இரண்டாம் முறையில் அந்த அசையாத ஸ்வரம் உண்மையிலேயே அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன்.

சுத்தம் வேண்டும் என்பதற்கு நுட்பமான வேறொரு காரணமும் உண்டு. செவியால் சுருதி சேர்க்கும் ஸ்டீல் வித்வான்கள் பலர், ஜி ஷார்ப் தந்தியைப் பியானோவின் ஜி ஷார்ப்பைக் காட்டிலும் சற்றுத் தாழ்த்தி வைக்கிறார்கள். அரை ஸ்வரத்தை நூறு பங்கு செய்தால், சுமார் 14 பங்கு தாழ்த்தும்போது அது ஈ என்ற ஆதாரத்தோடு துடிப்பின்றி இழைந்துவிடுகிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைக் கேட்டிருக்கும் நமக்கு இந்த இழைவின் இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. அதே காந்தாரம்தான் அங்கும் ஒலிக்கிறது. இவ்வளவு பரிசிரமப்பட்டுச் சேர்த்த சுருதியைப் பிசிறு தட்டும் பெட்டி ஒரு கணத்தில் பாழாக்கிவிடக்கூடும்.

விதிக்குப் புறம்பானவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஹவுஸ் ஆஃப் காட் என்ற கறுப்பினத்தவர் திருச்சபையின் வழிபாடுகளில் ஸ்டீல் கிதார் பல தலைமுறைகளாகப் பிரதான வாத்தியமாக இருந்துவருகிறது. அந்த மரபில் வந்த ராபர்ட் ராண்டால்ஃப் வாசிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் கதறுகிறது, கதற வேண்டும் என்றே அவர் அதை நடத்துகிறார். அங்கே ஸ்டீல் பெரும்பாலும் பாடகியின் குரலைப் போல ஒற்றைத் தந்தியில் ஓடுகிறது. கலந்து கெடுவதற்கு இரண்டாவது ஸ்வரம் இல்லாதபோது கரகரப்பு நாதத்துக்குச் சதை வைக்கிறது. காரணம் தெரிந்தால் விதியும் விலக்கும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

இனிப் பெட்டிகளுக்கு வருவோம். 1953-ல் கலிஃபோர்னியாவின் டெம்பிள் சிட்டியில் பாப் க்ரூக்ஸ் என்பவர் செய்த ஸ்டாண்டெல் ஆம்ப்ளிஃபயரை இந்த வம்சத்தின் மூதாதை என்று சொல்லலாம். 25 வாட்டும் 15 அங்குல ஜே.பி.எல். ஸ்பீக்கரும் கொண்ட அது, ஸ்பீடி வெஸ்ட் போன்ற ஸ்டீல் வித்வான்களின் தேவையைக் கருதியே பிறந்தது. இன்றைய கணக்கில் 25 வாட் சொற்பம்; ஆனால் அந்த டி-130 ஸ்பீக்கரின் நான்கு அங்குலச் சுருளும், நடுவே பளபளக்கும் அலுமினியக் குமிழும், கொடுத்த சக்தியில் சாதாரண ஸ்பீக்கர்களைவிட அதிகப் பங்கை ஒலியாக்கித் தந்ததோடு, உச்ச ஸ்தாயிக்கு ஒரு தெளிந்த பிரகாசத்தையும் சேர்த்தன. ஸ்டீல் நாதம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையின் செவியில் எழுதிவைத்தது அந்த ஸ்பீக்கர்.

1963-ல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் வேறு தினுசு. நான்கு 6எல்6 வால்வுகள், 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். எடை ஏறத்தாழ 30 கிலோ. வால்வுப் பெட்டியின் உத்தம குணம், அது தன் எல்லையை நெருங்கும் விதத்தில் இருக்கிறது: சட்டென்று முறிவதில்லை, மீட்டின் கூர்மையைச் சற்றே அமுக்கி, கார்வையைச் சற்றே முன்னுக்குக் கொண்டுவந்து, பின்னர்தான் பிசிறுகிறது. அந்த அமுங்குதலின் முதல் படியில் நிற்கும் ட்வின், பாடகருக்குப் பின்னால் மெல்ல வாசிக்கும் ஸ்டீலுக்குத் தருகின்ற கனிவை, வேறெந்தப் பெட்டியும் தந்து நான் கேட்டதில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் டிரம்ஸும் மின்சார கிதார்களும் சேர்ந்த பெரிய நடன மண்டபத்தில், வால்யூம் பெடலைக் கடைசிவரை இறக்கும்போது, அதன் கையிருப்பு தீர்ந்துவிடுவதையும் கேட்கலாம்.

அந்தக் குறையை நீக்க வந்தவர் ஹார்ட்லி பீவி. 1965-ல் மிஸிஸிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரில் தொழில் தொடங்கிய அவர், 1970-களில் ஸ்டீல் வித்வான்களை மனத்தில் வைத்துச் செய்த செஷன் 400 என்ற பெட்டி, வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரும், 200 வாட்டும், 15 அங்குல ஸ்பீக்கரும் கொண்டது. அதைத் தொடர்ந்து 1980-களில் வந்த நாஷ்வில் 400, ஊர் ஊராகச் சென்று வாசித்த ஸ்டீல்காரர்களின் வண்டிகளில் வழக்கமாக ஏறும் சாமானாகவே ஆயிற்று. டிரான்சிஸ்டரின் ஸ்வபாவம் வால்வுக்கு நேர் எதிர்: எல்லைக்கு ஒரு விரற்கடை முன்புவரை எந்த மாறுதலும் இல்லை, எல்லையைத் தாண்டிய மறுகணமே முறிவு. ஆகவே எல்லையைத் தொலைவில் வைத்துவிட்டார்கள். இந்தப் பெட்டிகளின் நாதத்தை வறட்சி என்று குறை கூறுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வறட்சியாகப் படவில்லை, வித்வானின் கையை மறைக்காத நேர்மையாகவே படுகிறது. உருளை அசையும் நடுக்கத்தின் வேகம், பிக்கு தந்தியை விடும் கோணம், பெடலை விடுவதில் ஏற்படும் அற்பத் தயக்கம் யாவும் அதில் வெளிப்படையாகக் கேட்கும். கையில் சரக்கில்லாதவருக்கு அது இரக்கம் காட்டாது.

பின்னாளில் வந்த நாஷ்வில் 112 என்ற சிறிய பெட்டி, 80 வாட்டும் ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கருமாகத் தூக்குவதற்கு எளிது. ஈ-9-ல் பாடல் வாசிப்போருக்கு அது போதும். ஆனால் பெரும்பாலான இரட்டைக் கழுத்து ஸ்டீல்களில் இரண்டாவதாக இருக்கும் சி-6 என்ற சுருதியமைப்பில், கடைசித் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஈ-9-ன் கடைசித் தந்தியோ 123-ல் நின்றுவிடுகிறது. ஜாஸும் டெக்ஸாஸ் ஸ்விங்கும் வாசிப்பவர் அந்த ஆழத்தில் நான்கு தந்திக் கார்டு ஒன்றை மீட்டும்போது, சிறிய ஸ்பீக்கர் அடி ஸ்வரத்தை ‘தொப்’பென்ற ஓசையாக மாற்றிவிடக்கூடும். 15 அங்குல ஸ்பீக்கரில் அது ஸ்வரமாகவே நிற்கும். பட்டி எம்மன்ஸ் 1963-ல் வெளியிட்ட ‘ஸ்டீல் கிதார் ஜாஸ்’ இசைத்தட்டைக் கேட்டால், இந்த வாத்தியம் கண்ட்ரிக்கு வெளியே எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பது விளங்கும். அந்தத் தூரத்துக்கு உடன் வரும் பெட்டி வேண்டாமா?

இப்போதைய பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஸ்டீல் வாசிப்பவர் ஒருவரே தொடங்கிய மில்க்மேன் என்ற பட்டறை வால்வுப் பெட்டிகளை மீண்டும் ஸ்டீலுக்கென்று செய்கிறது. கலிஃபோர்னியாவின் க்வில்ட்டர் கம்பெனியின் ஸ்டீல்ஏர், கிளாஸ் டி என்னும் முறையால் 200 வாட்டை ஒரு கையால் தூக்கும் எடைக்குள் அடக்கியிருக்கிறது; வயது முதிர்ந்த வித்வான்களின் முதுகுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை.

மிட் என்று எழுதிய குமிழைப் பற்றிச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் ஸ்டீலின் பிக்கப்கள் சாதாரண கிதாரின் பிக்கப்களைவிடப் பலமானவை. மத்திய அதிர்வெண்களில், குறிப்பாக 800 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில், நாதம் மூக்கால் பேசுவது போல அடைத்துக்கொள்கிறது. ஃபெண்டர் பெட்டிகளில் அமைந்த சுற்று இயல்பாகவே மத்திய பாகத்தைச் சற்றுக் குழித்துவிடுவதால், அங்கே இந்தத் தொல்லை குறைவு. பீவி பெட்டிகளில் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு குறைப்பது என்று தேர்ந்துகொள்ளத் தனிக் குமிழ்கள் வைத்தார்கள். ஸ்டீல்காரர்கள் பலர் 800-ல் நிறுத்திக் குறைத்தே வாசிக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் நாதம் தனிமையில் இனிக்கும், கூட்டத்தில் காணாமற்போகும்; ஆதலால் இந்தக் குமிழை, மற்ற வாத்தியங்கள் ஒலிக்கும்போது மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

கார்வையின் இறுதியில் மற்றொன்றும் வெளிப்படும். தந்தியின் சக்தி ஏறக்குறைய தீர்ந்து, வால்யூம் பெடல் முழுதும் திறந்திருக்கும் அந்த நேரத்தில், பிக்கப் வாங்கிவரும் மின்சார முனகலும் தந்தியோடு சேர்ந்து உயர்ந்துவிடுகிறது. பிக்கப்பும் பெட்டியும் நன்கு பொருந்திய ஜோடியில் ஸ்வரம் அமைதிக்குள் கரையும். மற்றதில் முனகலுக்குள் மூழ்கும். பழைய தினுசு வால்யூம் பெடல்கள் பாதி திறந்த நிலையில் உச்ச ஸ்தாயியின் பிரகாசத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடுவதுண்டு. பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு சிறு மின்சுற்றை வைத்துச் சிலர் அதைத் தடுக்கிறார்கள். ஆகையால், ஒரு பெட்டி மங்கலாக ஒலிக்கிறது என்று தீர்ப்புக் கூறுமுன், குற்றம் பெட்டியுடையதா, பெடலுடையதா என்று விசாரிக்க வேண்டும். ரிவர்ப்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு வார்த்தை: ஒப்பிடும்போது அதை முழுதும் மூடிவிடுங்கள், ஸ்பிரிங்கில் எழும் எதிரொலி கார்வையின் குறைகளுக்குப் போர்வை போர்த்திவிடும்.

ஒப்பிடும் முறையில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது, இரு பெட்டிகளின் ஒலியளவும் சமமாக இருத்தல். சற்றே உரக்க ஒலிப்பதைச் செவி சற்றே உயர்ந்ததாக எண்ணிவிடும். எவ்வளவு தேர்ந்த ரசிகரும் இதற்குத் தப்பியவரல்லர். ஒரே வித்வான், ஒரே வாத்தியம், ஒரே அறை. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே அமர்ந்தால் உச்ச ஸ்தாயி அம்பு போலப் பாயும். பக்கவாட்டில் அமர்ந்தால் மழுங்கும். எனவே பத்தடி தள்ளி, நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகி அமர்ந்து கேட்பது நலம்.

நேரில் கேட்க வாய்ப்பில்லாதவர்கள் இசைத்தட்டுகளிலிருந்தே பழகலாம். 1964-ல் பக் ஓவன்ஸ் பாடிய ‘டுகெதர் அகெய்ன்’ பாட்டில் டாம் ப்ரம்லி வாசித்த தனி ஆவர்த்தனத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நாதம் தேய்கிறதா, தாங்கப்படுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு 1968-ல் பேர்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ தொகுப்பில் லாய்ட் க்ரீன் வாசித்திருக்கும் பாட்டுகள். அவருடைய மீட்டு கூர்மையானது, கார்வை குறுகியது. பெட்டியின் பிரகாசம் அங்கே நன்கு தெரியும். 1970-ல் வந்த ‘டீச் யுவர் சில்ட்ரன்’ பாட்டில் ஜெர்ரி கார்சியா வாசித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தில் அவர் அப்போது புதியவரே ஆயினும், குரல்களுக்கு நடுவே ஸ்டீல் நிற்க வேண்டிய இடம் எது என்பதை அந்தப் பாட்டைப் போலத் தெளிவாகக் காட்டுவன அதிகமில்லை. மூன்றையும் காதுக்கருவியில் கேட்டபின், சாதாரண ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலியில் மறுமுறை கேளுங்கள். வலப் பாதத்தின் வேலையை அப்போது தனியே தொடர முயலுங்கள்.

என்னைக் கேட்டால், மெதுவான பாட்டுக்கு ஈ-9-ல் ட்வினையும், சி-6-ல் எதை வாசிப்பதற்கும் 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பீவியையும் தேர்ந்தெடுப்பேன். இரண்டில் ஒன்றுதான் என்றால், கையிருப்பு உள்ளதையே எடுத்துக்கொள்வேன்.